இங்கிலாந்து என்று இறக்கிவிட்ட ஊர்

சனிக்கிழமை காலை 4.50க்கு, தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரிலுள்ள என் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். அப்போது கார் ஓடியிருந்த மைல் 61,204. பின் இருக்கையில் ஒரு பெட்டி வெள்ளை மெழுகுதிரி, ஒரு போத்தல் பால் விடாத பிளேன்ரீ, பன்னிரண்டு மரக்கறி ரோல்ஸ். இங்கிருந்து இறைச்சியையும் பாலையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது இப்போதைய சட்டம். அக்கா பொரித்துவைத்த மட்டன் ரோல்ஸை விட்டுவிட்டு வரச் சொன்னதற்காக அத்தான் மேட்ஸ்டன் தாண்டும்வரை என்னோடு பேசவில்லை.

அத்தான் என்றது என் அக்காவின் கணவர் அருள்நேசனை. நாவாந்துறைக்காரர், வயது 63. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த எஞ்சினையும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார். ஆனால் வலப்பக்கம் ஓடும் நாட்டில் கார் ஓட்டமாட்டார். அதனால்தான் என்னைக் கேட்டார். பெல்ஜியத்தில் தெரிந்த அம்மா ஒருவர் இறந்துவிட்டார், மகளிடம் துக்கம் விசாரித்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம் என்றார். லண்டனுக்கு வரும் வழியில் சில மாதம் அவர் பெல்ஜியத்தில் இருந்தார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். என் நாட்குறிப்பில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘துக்கம் விசாரிப்பு’ என்று எழுதினேன். அதைப் பிறகு வெட்டவேண்டி வந்தது.

6.40. டோவர். 79 மைல். காருக்கும் இரண்டு பேருக்கும் அன்றே போய்வர 82 பவுண். டோவரிலேயே இருக்கும் பிரெஞ்சு அதிகாரியின் கூண்டு நெருங்கியதும் அத்தான் கடவுச்சீட்டை எடுத்துக் கைலேஞ்சியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். லூர்துக்குப் போனபோதும் கனடாவுக்குக் கல்யாணத்துக்குப் போனபோதும் இதையேதான் செய்தார். துப்புரவான மனிதர் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

7.50. கப்பல் வெளிக்கிட்டது. மேல்தட்டில் காற்று அதிகமில்லை. இரண்டாவது ரோலோடு அத்தானுக்குப் பேச்சு வந்தது. நாங்கள் போகும் ஊருக்கு அவர் முதன்முதலாக எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பகிடியாகவே சொன்னார்.

தொண்ணூறுகளில் ஒரு நவம்பர் மாதம். ஜெர்மனியிலிருந்து ஒரு வான் வண்டியில் இவரையும் மன்னார், பேசாலையைச் சேர்ந்த ஒரு பையனையும், களவாக ஆட்களை அனுப்பும் ஏஜென்ட்டின் ஆள் ஏற்றினான். ‘பையன்’ என்று அத்தான் சொன்னாலும் அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது, பெயர் யேசுராசா. லண்டன்வரை காசு கட்டியாகிவிட்டது. விடியப்போகும் நேரம் ஒரு வயல் ஓரத்தில் வான் நின்றது. சாரதி கதவைத் திறந்து, இங்கிலாந்து வந்துவிட்டது, இறங்குங்கள் என்றான். கடலைக் காணவில்லையே என்று யேசுராசா கேட்டதற்கு, நித்திரையில் தாண்டிவிட்டீர்கள் என்றானாம்.

“ரெண்டு பேரும் நித்திரை கொண்டது உண்மைதானே. அதாலை நம்பீட்டம்,” என்றார் அத்தான்.

வெளிச்சம் வந்ததும் பக்கத்தில் ஒரு மதிலும் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்களும் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். எல்லாக் கல்லிலும் ஆங்கிலம். ஆங்கிலப் பெயர்கள், ஆங்கிலப் படைப்பிரிவுகள், ஆங்கிலத்தில் செபம். இங்கிலாந்து இல்லாமல் வேறெங்கே இப்படி இருக்கும்? யேசுராசா அந்த ஈரப் புல்லில் முழங்காலில் நின்று மடு மாதாவுக்கு நன்றி சொன்னார். முதல் உலகப் போரில் இறந்த பிரித்தானியப் படையினரைப் பெல்ஜியத்து வயல்களுக்கு நடுவே புதைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் யாருக்கு நினைவு வரும்?

பிறகு இருவரும் கண்ணில் பட்ட முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்த அம்மாவிடம் யேசுராசா கேட்ட முதல் கேள்வி, “வெம்பிளிக்கு எத்தனையாம் நம்பர் பஸ்?” வெம்பிளியில் அவருக்கு ஒரு மச்சான் இருந்தார்.

நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் கோபம் வந்தது. அந்தச் சாரதிக்கு, கற்கள் உள்ள அந்த இடம் தற்செயலாகக் கிடைத்திருக்காது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை ஏமாற்ற, படிக்கக்கூடிய ஒன்றுக்குப் பக்கத்தில் இறக்கியிருக்கிறான். இறந்தவர்களின் பெயர்களை அவன் பெயர்ப்பலகையாகப் பாவித்திருக்கிறான். நேரம் 8.35 என்று குறித்துக்கொண்டேன்.

10.25, ஐரோப்பிய நேரம். கலே துறைமுகம். அங்கிருந்து டன்கேர்க் வழியாக உள்ளே திரும்பி, எல்லை தாண்டியதே தெரியாமல் பெல்ஜியத்துக்குள் வந்தோம். பொப்பரிங்கவுக்கு அப்பால் ஒன்பதாவது கிலோமீற்றரில் கிளெய்ன்மேர்ஸ். கலேயிலிருந்து மொத்தம் 84 கிலோமீற்றர். 11.40க்குச் சேர்ந்தோம்.

ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம், ஒரு தேநீர்க்கடை, செங்கல் வீடுகள் அறுபதோ எழுபதோ. வீடுகளைப் பார்த்தால் முந்நூறு வருடம் பழையவை போலிருக்கும். ஒன்றுக்கும் நூறு வயதுக்குமேல் அதிகமில்லை. போரில் இந்த ஊரில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. திரும்பி வந்த சனங்கள் தகரக் கொட்டில்களில் இருந்துகொண்டு பழைய படங்களைப் பார்த்து, யன்னல் இருந்த இடத்தில் யன்னல், வளைவு இருந்த இடத்தில் வளைவு என்று திரும்பக் கட்டினார்கள். தேவாலயக் கோபுரம் முன்பு சற்றுச் சரிந்திருந்ததாம். அதை மட்டும் நேராக்கினார்கள்.

ஊர் எல்லையில் ஒரு மின்கம்பத்தின் அடியில் துருப்பிடித்த இரண்டு நீளமான பொருட்கள் கிடந்தன. காரை நிறுத்திப் பார்க்க இறங்கிய என்னை உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் கைகாட்டி மறித்தார். வெடிக்காத ஷெல்கள். அந்த வாரம் உழும்போது வந்தவை. இராணுவம் வந்து எடுத்துக்கொண்டு போகும், ஒவ்வொரு வருடமும் வரும் என்றார். உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார். அத்தான் காரைவிட்டு இறங்கவில்லை.

தேநீர்க்கடையில் இரண்டு கோப்பி 6 யூரோ 40 சதம். காசு கட்டும் மேசையில் படையினரின் இரும்புத் தொப்பி வடிவத்தில் செய்த சொக்லேட், ஆறு கொண்ட பெட்டி 9 யூரோ 50 சதம். அதே வடிவத்தில் வெள்ளை சொக்லேட்டும் இருந்தது. வயலில் இன்னும் ஷெல் வருகிறது. அந்த வயலிலிருந்து நானூறு மீற்றர் தள்ளி இரும்புத் தொப்பியைக் கடித்துச் சாப்பிடுகிறார்கள். 11.55 என்று எழுதினேன்.

12.10. அன்று இவர்கள் தட்டிய வீடு, இறந்துபோன அம்மாவின் வீடு. மகள் கோடலீவ கதவைத் திறந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, அறுபது தாண்டியவர், உயரமான பெண். அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “மோகன்,” என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அத்தான் “ஓம், மோகன்” என்பது போலத் தலையை ஆட்டினார்.

அவர்கள் வீட்டுத் தொழுவத்துக்கு மேலிருந்த அறையில் நான்கு மாதம் தங்கிய மனிதர், முப்பது வருடமாக ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தொலைபேசி எடுத்தவர், தன் இலக்கம் தெரியாமல் மறைத்துப் பேசியவர், ஏஜென்ட் கொடுத்த பெயரிலேயே அந்த வீட்டில் இருந்திருக்கிறார். அவரை மகன் போல வைத்திருந்த மரியா அம்மா, மகனின் பெயர் தெரியாமலே செத்துப்போனார். சூப்பும் பாணும் தந்தார்கள். அத்தான் நன்றாகச் சாப்பிட்டார். பிறகு கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம். தலையைக் குனிந்தபடி அவர் அழுததைப் பார்த்தேன், பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

13.20. பழைய பள்ளிக்கூடத்தில் கோடலீவ ஊரின் வரலாற்றை ஒரு கண்காட்சியாக வைத்திருக்கிறார். ஒரே ஒரு பெரிய அறை. என் வேலை ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மருத்துவப் பதிவுக் கோவைகளைப் பராமரிப்பது. ஒழுங்காக எழுதிய பதிவைக் கண்டால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். அந்த அறையின் நீளச் சுவர் முழுவதும் ஒரே அட்டவணை. போர் வந்தபோது ஊரைவிட்டு ஓடியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். நான்கு பத்திகள்: பெயர், வீடு, போன இடம், திரும்பி வந்த நாள். கைக்குழந்தைக்கும் தனி வரி. நிறையப் பேர் போன இடம் இங்கிலாந்து. திரும்பி வராதவர்களின் கடைசிக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

மரியா அம்மாவின் தகப்பனுடைய வரியைக் கோடலீவ காட்டினார். ஆறு வயதுப் பிள்ளையாகப் போனவர். போன இடம்: குரோய்டன். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நான்கு வருடம் தங்கள் வீட்டில் வைத்திருந்தது. அதனால்தான் அன்றைக்கு அம்மா கதவைச் சாத்தவில்லை என்றார்.

குரோய்டன் என்ற சொல்லைக் கண்டதும் அத்தான் ஒரு அடி பின்னுக்குப் போனார். எங்கள் மிச்சம் ஊரிலிருந்து டிராமில் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தப் பக்கம் ஒரு கடைக்குக்கூட அவர் வரமாட்டார். அகதி விண்ணப்பங்களை விசாரித்த அந்தப் பெரிய கட்டடம் இருக்கும் இடம் அது.

அட்டவணை முடியும் இடத்தில் ஒரு படம். பனி கொட்டிய முற்றத்தில் மரியா அம்மா நடுவில். இரண்டு பக்கமும் அளவில்லாத கோட்டுப் போட்ட இரண்டு தமிழர்கள். ஒருவர் இளம் அத்தான். கீழே இருந்த குறிப்பைக் கோடலீவ ஆங்கிலத்தில் சொன்னார்: விருந்தினர் இருவர், பெயர் உறுதியில்லை.

பிறகுதான், கடைசியாக அத்தான் தொலைபேசி எடுத்தபோது கட்டாயம் வரச் சொன்ன காரியத்தைக் கோடலீவ சொன்னார். இந்தச் சுவர் முழுவதும் புத்தகமாகிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆனால் அவருக்கு முக்கியமானது புத்தகம் இல்லை. அடுத்த மார்ச் மாதத்தில் இங்கிலாந்துக்குப் போகும் லொறியில் முதலில் ஒளித்து ஏறியவர் யேசுராசா. ஒன்பது நாள் கழித்து அத்தான். அத்தான் லண்டன் வந்து சேர்ந்தார். யேசுராசா எங்கேயும் சேரவில்லை. கோடலீவ அப்போதே பொலிசுக்குப் போயிருக்கிறார். யேசுராசாவுக்கு ஏஜென்ட் கொடுத்த ‘ரவி’ என்ற பெயரைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் மூன்று தடவை, இரண்டு நாட்டில். ரவி என்று எங்கேயும் ஒருவரும் இல்லை.

“அது அவருடைய பெயர் இல்லை என்று எனக்கு எப்போதோ விளங்கிவிட்டது,” என்றார் அவர். “அடையாளம் தெரியாமல் புதைத்தவர்களின் பதிவுகள் இருக்கின்றன. சரியான பெயரும், அவரைத் தெரிந்த ஒருவரின் வாக்குமூலமும் இருந்தால் நான் இன்னொருமுறை கேட்கலாம். எனக்கும் வயது போகிறது, மோகன்.”

அத்தான் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். கோடலீவ வற்புறுத்தவில்லை. படத்தின் பிரதி ஒன்றை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்.

14.30. இருவரும் அந்த வெள்ளைக் கற்களுக்கு நடந்தோம். புல் அளவாக வெட்டியிருந்தது. ஒரு வரிசையை எண்ணினேன்: பத்தொன்பது கல், அதில் ஏழில் பெயர் இல்லை. பெயரைத் தேடி, கிடைக்காமல், கிடைக்கவில்லை என்பதையே வெட்டிவைத்த கற்கள். அங்கே வைத்துத்தான் கேட்டேன்.

“யேசுராசாண்ணையின்ரை வீட்டுக்காரருக்கு என்ன சொன்னனீங்கள்?”

“தாய் கடிதம் போட்டவ. எனக்குத் தெரியாது, நான் பிளேனிலை வந்தனான் எண்டு எழுதினன்.”

அப்போதுதான் முழுவதும் விளங்கியது. வழியில் வேறு நாட்டில் தங்கியவரை அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் பாடமாக்கி விட்டிருந்தான். அதனால் இவர் நேராக விமானத்தில் வந்ததாகவே விசாரணையில் சொன்னார். அதன் பிறகு யேசுராசாவைக் கடைசியாக எங்கே கண்டீர் என்று கேட்டால் சொல்ல இவரிடம் இடம் இல்லை. விமானத்தில் வந்தவர் பெல்ஜியத்தில் ஒருவரைக் கண்டிருக்க முடியாது.

“இப்ப சொல்லுங்கோவன், அத்தான்.”

“அவன்ரை பேரைச் சொன்னா என்ரை பேரைக் கேப்பினம். புத்தகத்திலை வரும். பிறகு இன்டர்நெட்டிலை வரும். குரோய்டனிலை ஒருத்தன் தட்டிப் பாப்பான்.”

“உங்களுக்கு அறுபத்திமூண்டு வயசு.”

“சிற்றிசன்ஷிப்பைப் பறிக்கிறதுக்கு வயசு பாக்கிறேல்லை, ஜெசி. நீர் இஞ்சை மணமுடிச்சு, விசாவோடை வந்து இறங்கின ஆள். உமக்குச் சொன்னா விளங்காது.”

அது உண்மை. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. பொய் சொல்லிப் பெற்றதென்றால் குடியுரிமையைப் பறிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் நான் சொல்லிவிட்டேன்.

“இதிலை பேர் இல்லாமல் படுத்திருக்கிறவைக்கு வேறை வழியில்லை. நீங்கள் காலமை ஏழு ரோல்ஸ் சாப்பிட்ட ஆள். உங்களுக்கு என்ன வந்தது?”

“அஞ்சு,” என்றார்.

15.10. புறப்பட்டோம். கோடலீவ வாசலில் நின்று, காரின் கூரையை இரண்டு தடவை தட்டினார். அத்தான் மடியில் அந்த உறை. கசங்காமலிருக்கக் கடவுச்சீட்டையும் அதற்குள்ளேயே வைத்துக்கொண்டார். முப்பது வருடமாகக் கோடலீவ பிழையான பெயரோடு ஒரு மனிதனைத் தேடியிருக்கிறார். சரியான பெயர் எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ஒரே மேசையில் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு யாரில் கோபப்படுவதென்று தெரியவில்லை. முன்னால் போன லொறிகளை ஒவ்வொன்றாக முந்தினேன். அது என் வழக்கமில்லை.

16.35. கலே. பிரித்தானிய அதிகாரிகள் கடலுக்கு இந்தப் பக்கத்திலேயே கூண்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வரிசையில் இருந்தவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அத்தான் பதற்றத்தில் கடவுச்சீட்டை எடுக்காமல் உறையையே நீட்டிவிட்டார். அந்த இளைஞர் உள்ளே கையை விட்டபோது முதலில் வந்தது படம்.

“பழைய படமா? யார் இவர்கள்?” என்று கேட்டார். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்ட கேள்வி.

கூண்டு என் பக்கம் இருந்தது, அத்தான் இடப்பக்கம் இருந்தவர் என்பதால் என்னைத் தாண்டிக் குனிந்து பதில் சொன்னார். அவர் ஆங்கிலம் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. வலப்பக்கம் நிற்பது நான். மற்றவர் என் சிநேகிதர். இந்த வீட்டில் நாங்கள் ஒளிந்திருந்தோம். நான் லொறியில்தான் உங்கள் நாட்டுக்கு வந்தேன், விமானத்தில் வந்ததாகச் சொன்னது பொய். அவர் வந்து சேரவில்லை.

அந்த இளைஞர் படத்தைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார், அத்தானின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரோ அடுத்த கூண்டைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். எல்லாவற்றையும் திரும்ப உறைக்குள் போட்டு, “பெரிய கதைதான். கவனமாகப் போய்ச் சேருங்கள்,” என்று கொடுத்தார். தடுப்பு மேலே போனது.

ஒரு நிமிடமும் ஆகவில்லை. அவ்வளவுக்கா முப்பது வருடம்? அந்த இளைஞரில் எனக்குக் கோபமில்லை. அவர் அப்போது பிறந்தேயிருக்கமாட்டார். நாளைக்கு வேறொருவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் யாரும் திறந்துகூடப் பார்க்காத ஒரு அகதி விண்ணப்பக் கோவைக்காக ஒரு தாய்க்கு ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதியிருக்கிறோம்.

16.50. கப்பலுக்குக் காத்திருக்கும் வரிசை, இலக்கம் 117. அத்தான் என்னிடம் கோடலீவவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

“இலக்கத்தை மறைக்க வேண்டாம்,” என்றார்.

கோடலீவ எடுத்தார். அத்தான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். மரியதாஸ் யேசுராசா, பேசாலை. இடது புருவத்தில் வெட்டுக்காயம். ஒரு முன்பல் பாதி. எந்தத் திகதி, எந்தச் சந்தியில், என்ன நிற லொறி. எல்லாம் அவருக்கு ஞாபகமிருந்தது, ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. அதன் பிறகு, “என்ரை பேரையும் எழுதுங்கோ,” என்று தமிழில் சொல்லி, தவறை உணர்ந்து ஆங்கிலத்தில் சொன்னார். சூசைப்பிள்ளை அருள்நேசன். வாக்குமூலம் எங்கே வந்து தரவேண்டுமென்றாலும் வருவேன்.

மறுபக்கத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கோடலீவ, ஊராருக்கு எழுதியது போலவே உங்கள் இருவருக்கும் வரி எழுதப்போகிறேன் என்றார். வீடு: எங்கள் வீடு. போன இடம்: லண்டன். திரும்பி வந்த நாள்?

அத்தான் என்னைப் பார்த்தார். நான் திகதியைச் சொன்னேன். அன்றைய திகதி.

யேசுராசாவின் வரியில் கடைசி இரண்டு கட்டமும் வெறுமை.

17.35க்குக் கப்பல் வெளிக்கிட்டது. மீதியிருந்த ரோல்ஸை அத்தான் தொடவில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். “பேரோடை எழுதும்,” என்றார். என் அலுவலகத்தில் ஒரு படிவத்தில் கட்டம் நிரப்பாமல் வந்தால், அதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். நிரப்பித் தரும்வரை ஏற்கமாட்டேன். யேசுராசாவின் படிவத்தை யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று டோவரின் வெள்ளைப் பாறை தெரியும்வரை யோசித்தேன். இறக்கிவிட்ட சாரதிக்கா, ஏஜென்ட்டுக்கா, நேராக வந்தவனை மட்டும் நம்பிய சட்டத்துக்கா, கேட்காமலே இருந்த எங்கள் வீட்டுக்கா? நாட்குறிப்பில் நான்கு பேரையும் எழுதினேன். ஒன்றையும் வெட்டவில்லை.